மகள் மறுபடி விண்ணப்பிக்கலாமா: மார்த்தாண்டத்து அண்ணனுக்கு ஒரு பதில்

அண்ணன், இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். குவைத்தில் இருபது வருடம் உழைத்து மகளை அமெரிக்காவில் உயிரியல் இளங்கலை படிக்க வைத்தீர்கள். 2025 மே மாதம் பட்டம் வாங்கினாள். ஜூலை 1 முதல் ஓபிடி அனுமதியில், அதாவது படிப்பு முடித்த வெளிநாட்டு மாணவர் மாணவர் விசாவிலேயே சில காலம் வேலை பார்க்கத் தரும் அனுமதியில், ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். கடந்த ஆண்டு 24 மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தாள். ஒரே ஒரு நேர்காணல், அதுவும் காத்திருப்புப் பட்டியலோடு நின்றுவிட்டது. இப்போது ஏப்ரல். இந்த மே மாதமே மறுபடி போடலாமா, குலசேகரத்து ரப்பர் விளையை விற்கலாமா, அல்லது பிள்ளையைத் திரும்ப அழைத்து நீட் எழுத வைக்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், ஜனவரியில் உங்கள் தம்பி மகன் கல்யாணத்துக்கு அவள் வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மறுபடி விண்ணப்பிக்கட்டும். ஆனால் இந்த மே மாதம் வேண்டாம். விளையை விற்க வேண்டாம். மற்றவற்றைக் கீழே சொல்கிறேன்.

நான் தக்கலைக்காரன். இதே வழியில் 2009இல் ஒரு முறை விண்ணப்பித்துத் தோற்று, 2011இல் மறுபடி விண்ணப்பித்து, 2012இல் சேர்ந்தவன். அதன் பிறகு நம் பக்கத்துப் பிள்ளைகள் பலருடைய விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். இரண்டாம் முறையும் கிடைக்காமல் போனவர்களில் பெரும்பாலோர் செய்தது ஒரே காரியம்தான்: பழைய விண்ணப்பத்தைத் தூசு தட்டி, கட்டுரையில் நாலு வரி மாற்றி, மறுபடி அனுப்பினார்கள். எங்கே அடைபட்டோம் என்று அவர்கள் பார்க்கவே இல்லை.

உங்கள் மகள் எங்கே அடைபட்டாள் என்பது நீங்கள் அனுப்பிய 24 பெயர்களைப் பார்த்தவுடனே தெரிந்தது. அதில் 13 மாநில அரசுக் கல்லூரிகள், அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாதவர்களின் விண்ணப்பத்தைப் பிரித்தே பார்க்காதவை. விண்ணப்பங்களை வாங்கிப் பிரித்து அனுப்பும் ஆம்காஸ் என்ற பொது அமைப்பு இதைத் தடுப்பதில்லை. நீங்கள் டிக் அடித்த கல்லூரிக்கெல்லாம் பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும். பணம் திரும்பி வராது. சில கல்லூரிகள் துணை விண்ணப்பம் அனுப்பி, அதற்கும் 75 முதல் 150 டாலர் வரை வாங்கிக்கொண்டு, பிறகு கதவைச் சாத்தும். ஆக உங்கள் மகளை நிராகரித்தது 24 கல்லூரிகள் அல்ல, 11 கல்லூரிகள். இதை முதலில் அவளிடம் சொல்லுங்கள். இத்தனை நாளாக அந்தப் பிள்ளை தன்னை 24 பேர் வேண்டாம் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் எம்சார் என்ற தகவல் தொகுப்பு ஒன்றை நடத்துகிறது. ஆண்டுச் சந்தா கட்டினால் பார்க்கலாம். ஒவ்வொரு கல்லூரிக்கும் எத்தனை வெளிநாட்டவர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேரை நேர்காணலுக்கு அழைத்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்று மூன்று எண்கள் அதில் இருக்கும். பிள்ளைகள் ‘வெளிநாட்டவரை ஏற்கிறோம்’ என்ற வரியைப் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டு விடுகிறார்கள். மூன்றாவது எண்ணைப் பார்க்க வேண்டும். அது பூஜ்யம் என்றால் அந்த வரி வெறும் உபசாரம். மூன்று, நான்கு என்று இருக்கிற கல்லூரிகளைப் பொறுக்கி எழுதினால் ஒரு நோட்டுப் பக்கம்கூட நிறையாது. அதுதான் உங்கள் மகளின் உண்மையான பட்டியல். அதில் பெரும்பாலும் தனியார் கல்லூரிகளும், பெயர் பெற்ற பெரிய கல்லூரிகளும்தான் இருக்கும். எளிதான கல்லூரிகளையும் நாலு சேர்த்து வைப்போம் என்ற நம் ஊர்க் கணக்கு வெளிநாட்டு மாணவருக்கு அங்கே எடுபடாது. எளிதான கல்லூரிகள்தான் நமக்கு மூடியிருக்கின்றன.

மீதி 11இல் ஏன் கிடைக்கவில்லை? நீங்கள் சொன்ன விவரத்தில் இரண்டு காரணங்கள் தெரிகின்றன. ஒன்று, செப்டம்பரில் அனுப்பியிருக்கிறாள். ஆம்காஸ் மே மாதத் தொடக்கத்தில் திறக்கும், மே கடைசியில் சமர்ப்பிக்கலாம், ஜூன் கடைசியில் கல்லூரிகளுக்குப் போய்ச் சேரும். செப்டம்பரில் அனுப்பினால் மதிப்பெண் பட்டியலைச் சரிபார்க்கவே வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் நேர்காணல் இடங்கள் கரையத் தொடங்கியிருக்கும். இரண்டாவது, மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 508. கெட்ட மதிப்பெண் அல்ல. 528க்கு நடக்கும் தேர்வில், மருத்துவக் கல்லூரிகளில் சேருபவர்களின் சராசரி 511, 512 அளவில் நிற்கிறது. ஆனால் அந்தச் சராசரி சொந்த மாநிலக் கல்லூரியில் சேருகிற உள்ளூர்ப் பிள்ளைகளையும் சேர்த்தது. நமக்குத் திறந்திருக்கிற கல்லூரிகளுக்கு 515க்கு மேல் இருந்தால்தான் நிம்மதியாகத் தூங்கலாம் என்பது என் கணிப்பு. எம்கேட்டை ஓர் ஆண்டில் மூன்று முறை, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நான்கு முறை, வாழ்நாளில் ஏழு முறைதான் எழுதலாம். எழுதியதெல்லாம் கல்லூரிகளின் கண்ணில் படும். எனவே ‘சும்மா ஒரு தடவை எழுதிப் பார்க்கிறேன்’ என்ற பேச்சு வேண்டாம். மாதிரித் தேர்வுகளில் தொடர்ந்து நல்ல எண் வந்த பிறகு எழுதட்டும்.

அந்த ஒரு நேர்காணல் கல்லூரிக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதி, எதில் குறை என்று கேட்கச் சொல்லுங்கள். பல கல்லூரிகள் பதில் தராது. சில தரும். தந்தால் அது பொன்.

இனி முக்கியமான விஷயம், நாள் கணக்கு. அமெரிக்கப் பிள்ளைகளுக்கு இடைவெளி ஆண்டு என்றால் வெறும் இடைவெளி ஆண்டு. நம் பிள்ளைகளுக்கு அது விசாவின் ஆயுள்.

உங்கள் மகளின் 12 மாத ஓபிடி 2026 ஜூன் 30 அன்று முடிகிறது. உயிரியல் பட்டம் அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் வருவதால் இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். அதற்கு மூன்று நிபந்தனைகள்: வேலை கொடுப்பவர், ஊழியரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசின் இ-வெரிஃபை திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும், வேலை சம்பளத்தோடு இருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தில் மேலதிகாரி கையெழுத்திட வேண்டும். விண்ணப்பத்தை ஓபிடி முடிவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கொடுக்கலாம். அதாவது அந்தச் சாளரம் இப்போதுதான் திறந்திருக்கிறது. நீங்கள் மே மாத விண்ணப்பத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். நான் கவலைப்படுவது இந்தப் படிவத்தைப் பற்றி. இந்த வாரமே அவள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போகட்டும்.

நீட்டிப்பு கிடைத்துவிட்டால் 2028 ஜூன் 30 வரை இருக்கலாம். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 2026 ஜூனில் விண்ணப்பித்தால் சேருவது 2027 ஆகஸ்ட். 2027 ஜூனில் விண்ணப்பித்தால் சேருவது 2028 ஆகஸ்ட். ஓபிடி முடிந்த பிறகு 60 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் புதுக் கல்லூரிக்குப் பதிவை மாற்றிக்கொண்டு, ஐந்து மாதத்துக்குள் படிப்பு தொடங்கினால் போதும் என்பது இன்றைய விதி. ஆகவே 2027 விண்ணப்பம் கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்த ஜூனில் அனுப்பினால் கையில் இருப்பது அதே 508, அதே கட்டுரை, அதே கடிதங்கள். இரண்டு மாதத்தில் எதுவும் மாறியிருக்காது. பழைய விண்ணப்பம் அந்தக் கல்லூரிகளிடம் இருக்கும், பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ‘கடந்த முறைக்குப் பிறகு என்ன மாறியது’ என்று துணை விண்ணப்பத்தில் நேராகவே கேட்கிற கல்லூரிகளும் உண்டு. ஒரு வருடம் கூடுதலாக விட்டுக் கொடுத்து, ஒரே முறை சரியாக அனுப்புவதுதான் என் யோசனை.

நீட்டிப்புக்கு ஆய்வுக்கூடம் ஒத்துவராவிட்டால், ஒரு வருட முதுகலைப் படிப்பு மாற்று வழி. என் காலத்தில் நீட்டிப்பு 17 மாதம்தான். அது போதாமல் நானும் அப்படித்தான் விசாவைக் காப்பாற்றினேன். செலவு அதிகம். வேறு வழி இருக்கும்போது அதில் இறங்க வேண்டாம்.

இந்த ஒரு வருடத்தில் அவள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு என் முதல் கட்டுரையின் கதையைச் சொல்கிறேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆம்காஸ் கட்டுரைக்கு 5300 எழுத்துகள்தான் இடம். அதில் பாதியை நான் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கும் டாக்டர் சோமர்வெல்லுக்கும் கொடுத்திருந்தேன். 1922இலும் 1924இலும் எவரெஸ்ட் பயணத்தில் போன மனிதர், ஊருக்குத் திரும்பிப் பெரிய அறுவை மருத்துவராக இருந்திருக்கலாம், அதை விட்டு நெய்யூருக்கு வந்தார், என் பாட்டியின் குடும்பமே அங்கேதான் வைத்தியம் பார்த்தது என்றெல்லாம். முதல் முறை எனக்கும் ஒரே ஒரு நேர்காணல்தான் வந்தது. எதிரே இருந்த வயதான பேராசிரியர் காகிதத்தை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “இந்த சோமர்வெல்லை நான் உடனே சேர்த்துக்கொள்வேன். நீங்கள் யார்?”

நம் மாவட்டத்தில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இப்படி ஒரு பாட்டி கதை இருக்கும். நெய்யூர் இல்லாவிட்டால் நாகர்கோவில் கேத்தரின் பூத் ஆஸ்பத்திரி. கதை பொய்யில்லை. ஆனால் அதில் விண்ணப்பிக்கிறவர் எங்கும் இல்லை.

இரண்டாம் கட்டுரையில் நான் எழுதியது ஒரே ஒரு மத்தியான நேரத்தை. டயாலிசிஸ் பிரிவில் ஓர் ஆய்வுக்கு நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்குவது என் வேலை. படிவம் பதினோரு பக்கம். ஒருவர், அறுபது வயதிருக்கும், பழைய லாரி ஓட்டுநர், நான் நீட்டிய பேனாவை வாங்கி ‘கண்ணாடி கொண்டுவரவில்லை, அடுத்த முறை பார்க்கலாம்’ என்றார். அடுத்த முறையும் கண்ணாடி இல்லை. மூன்றாவது முறை அவர் சட்டைப் பையில் கண்ணாடி துருத்திக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவருக்குப் படிக்கத் தெரியாது. என் அப்பாவின் அம்மாவும் மாத்திரை அட்டையை நீட்டி ‘வெளிச்சம் பத்தவில்லை, நீ படி’ என்றுதான் சொல்வாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, பதினோரு பக்கத்தையும் வாய்விட்டுப் படித்தேன். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நாலாம் பக்கத்தில் என்னை நிறுத்தி, அந்த ஆய்வில் சேராமல் இருக்கலாமா, இருந்தால் டயாலிசிஸ் கிடைக்காமல் போகுமா என்று கேட்டார். அதுவரை யாரும் அவருக்கு அதைச் சொல்லவில்லை. போகாது என்றேன். அப்படியானால் வேண்டாம் என்றார். என் ஒப்புதல் எண்ணிக்கையில் அன்று ஒன்று குறைந்தது.

இதை எழுதியபோது நேர்காணல்கள் நான்கு வந்தன. உங்கள் மகளிடம் இப்படி ஏதாவது இருக்கிறதா? ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு மட்டுமே இருந்தால் இருக்காது. விடுமுறையில் நாகர்கோவிலில் மாமாவின் ஆஸ்பத்திரியில் நின்று பார்த்ததை அங்கே பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாரத்துக்கு நாலு மணி நேரம், அமெரிக்க மண்ணில், நோயாளியின் பக்கத்தில் உட்காருகிற தொண்டு வேலை ஏதாவது ஒன்றில் சேரட்டும்: இலவச மருத்துவமனை, மரணத் தறுவாயில் இருப்பவர்களுக்கான காப்பகம், எதுவானாலும். ஒரே இடத்தில் ஒரு வருடம். ஐந்து இடத்தில் ஐந்து வாரம் போனால் அது பட்டியலுக்காகச் செய்தது என்று படிக்கிறவருக்குத் தெரியும்.

பரிந்துரைக் கடிதங்கள் ஆம்காஸில் அடுத்த ஆண்டுக்குத் தானாக வராது. மறுபடி ஏற்ற வேண்டும், தேதி புதிதாக இருக்க வேண்டும். இந்த வருட வேலையைப் பார்த்த ஒருவரிடமிருந்து புதுக் கடிதம் ஒன்று கட்டாயம்.

இப்போது பணம். நான்கு ஆண்டுச் செலவு தனியார் கல்லூரியில் மூன்று லட்சம் டாலரைத் தாண்டும், நம் பணத்தில் இரண்டரைக் கோடிக்கு மேல். அமெரிக்க அரசின் கல்விக் கடன் நமக்குக் கிடையாது. தனியார் கடன் வேண்டுமானால் பெரும்பாலும் அங்கே குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். சில கல்லூரிகள் ஓர் ஆண்டு முதல் நான்கு ஆண்டு வரையான கட்டணத்தை முன்கூட்டியே எஸ்க்ரோ கணக்கில், அதாவது மூன்றாமவர் பொறுப்பில் பணம் இருக்கும் கணக்கில், போடச் சொல்லும். சில, பணம் இருக்கிறது என்று காட்டினால் போதும் என்னும். வெளிநாட்டவருக்கும் தங்கள் சொந்த நிதியிலிருந்து உதவியோ கடனோ கொடுக்கிற கல்லூரிகளும் உண்டு. இது ஒவ்வொரு கல்லூரிக்கும் வேறு வேறு. பட்டியல் போடும்போதே இதற்கு ஒரு தனிப் பத்தி போட்டு, மின்னஞ்சலில் கேட்டு எழுதிவையுங்கள்.

சொத்தைக் காட்டலாம் என்று நினைக்காதீர்கள். என் அப்பா தாலுகா அலுவலகத்துக்கு நாலு நாள் நடந்து, விளைக்கும் வீட்டுக்கும் சொத்து மதிப்புச் சான்றிதழ் வாங்கினார். பச்சை மையில் கையெழுத்து, வட்ட முத்திரை, எல்லாம் இருந்தது. அதை நோட்டரியிடம் மொழிபெயர்த்து அனுப்பினோம். கல்லூரியிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது: கணக்கில் இருக்கும் ரொக்கம் மட்டும். அந்தச் சான்றிதழை அப்பா பிளாஸ்டிக் உறையில் போட்டு ஆதார ஆவணங்களோடு இன்னும் வைத்திருக்கிறார்.

அதற்காக இப்போதே விற்கவும் வேண்டாம். இடம் கையில் வந்த பிறகு, எந்தக் கல்லூரி, எவ்வளவு, எப்போது என்று தெரிந்த பிறகு விற்கிற விஷயத்தைப் பேசலாம். அவசரத்தில் விற்கிறவன் என்று தரகனுக்குத் தெரிந்தால் விலை எப்படி இறங்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் ஊரில் என்.ஆர்.ஓ. கணக்கில் சேரும் பணத்தை, வரி கட்டிய சான்றோடு, ஒரு நிதியாண்டில் பத்து லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். அந்த வழியில் தடை இல்லை. எம்.டி.யோடு பிஎச்.டி.யும் சேர்த்துப் படித்தால் சில கல்லூரிகள் கட்டணமே வாங்காது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ஏழு எட்டு வருடம். ஆராய்ச்சியில் பைத்தியம் இருந்தால் மட்டும்.

நீட் விஷயம். எழுதத் தடை இல்லை, உச்ச வயது வரம்பும் இல்லை. ஆனால் இந்த ஆண்டுக்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டுக்கு என்றால் பிளஸ் டூ முடித்து ஐந்தாறு வருடம் ஆன பிள்ளை மறுபடி இயற்பியல் கணக்குகளோடு உட்கார வேண்டும், இன்று முடித்து வருகிற பதினேழு வயதுப் பிள்ளைகளோடு போட்டி போட வேண்டும். அவளுக்கு அதில் மனம் இருந்தால் தனி விஷயம். நீங்களாக முடிவு செய்யாதீர்கள். ஜார்ஜியா, பிலிப்பைன்ஸ் ஏஜென்டுகள் இந்நேரம் உங்கள் எண்ணைப் பிடித்திருப்பார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் பதிவு செய்ய 2021 விதிமுறைப்படி 54 மாதப் படிப்பு, அதே கல்லூரியில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி என்றெல்லாம் நிபந்தனைகள் உண்டு, நீட் தகுதியும் வேண்டும். அமெரிக்க எம்.டி. நான்கு ஆண்டுப் படிப்பு என்பதால் அந்தக் கணக்கில் அதுவும் எளிதில் அடங்காது. அங்கே படித்தால் ரெசிடென்சி என்ற மேற்பயிற்சியையும் அங்கேயே முடிப்பது என்றுதான் இறங்க வேண்டும்.

இன்னொரு வலையும் வீசி வைக்கலாம். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து, மெல்பர்ன் போன்ற பல்கலைக்கழகங்கள் பட்டதாரி வெளிநாட்டு மாணவர்களை எம்கேட் மதிப்பெண்ணைக் கொண்டே பரிசீலிக்கின்றன. அயர்லாந்திலும் அப்படிச் சில இடங்கள் உண்டு. ஒரே தேர்வு, இரண்டு மூன்று கடல். செலவு அங்கேயும் குறைவில்லை, ஆனால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கூடுதல். கரீபியன் தீவுக் கல்லூரிகளைப் பற்றிக் கேட்டால், என் சொந்தப் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்பதே என் பதில்.

ஆகவே வரிசை இது: இந்த வாரம் ஓபிடி நீட்டிப்பு, ஆகஸ்ட், செப்டம்பரில் எம்கேட், குளிர்காலத்தில் எம்சாரை வைத்துக்கொண்டு பட்டியல், 2027 மே கடைசியில், சமர்ப்பிக்க வழி திறந்த முதல் வாரத்திலேயே சமர்ப்பிப்பு.

கல்யாணத்துக்கு வர வேண்டாம், அண்ணன். 2021இல் வாங்கிய அவளுடைய எஃப்-1 மாணவர் விசா ஐந்து வருடத்தில், இந்தக் கோடையில் காலாவதியாகிறது. அமெரிக்காவுக்குள் இருக்கும்வரை அதனால் தொந்தரவு இல்லை. வெளியே வந்தால், திரும்பிப் போகச் சென்னையில் புது விசா முத்திரை வேண்டும்; பட்டம் முடித்து ஓபிடியில் வேலை பார்க்கிறவர், படித்துவிட்டு ஊருக்குத் திரும்புவேன் என்று அந்த ஜன்னலில் நிரூபிக்க வேண்டும். கிடைக்கலாம். கிடைக்காமலும் போகலாம். போனால் மேலே எழுதிய கணக்கு முழுவதும் தரையில். உங்கள் தம்பி வருத்தப்பட்டால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். 2010இல் என் அக்கா கல்யாணத்தை நான் தொலைபேசியில்தான் கேட்டேன். அம்மா போனைத் தாலி கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் பிடித்திருந்தாள், ஆனால் பந்தலுக்குப் பின்னால் ஓடிய ஜெனரேட்டர் சத்தம்தான் கேட்டது.